வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? குப்பைத் தொட்டியின் அளவைக் கவனியுங்கள்

வீட்டை உடைத்துப் புதுப்பிக்கும்போது ரோரோ தொட்டியை வாடகைக்கு எடுக்கிறோம். “பெரியதாகவே எடுத்துவிடலாம்” என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய தொட்டி நிரம்பும்வரை வாரக்கணக்கில் வாசலில் நிற்கும். அதில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாட்களே போதும். டிங்கிக் காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது. ஒரு வாரத்திற்குள் நிரம்பி வெளியேறும் தொட்டியே உங்களுக்கு ஏற்றது.

கணக்குப் போடுவது எளிது. 6 அடிக்கு 6 அடி குளியலறையில் தரையும் 7 அடி உயரச் சுவர்களும் சேர்ந்து சுமார் 200 சதுர அடி. ஓடும் சிமெண்டும் ஒன்றரை அங்குலக் கனம் என்றால் 25 கன அடி. உடைத்த துண்டுகள் கூடுதல் இடம் பிடிக்கும். 40 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி உயரமுள்ள தொட்டி 150 கன அடி கொள்ளும். அதில் கால் பங்குக்குச் சற்று மேல் மட்டுமே நிரம்பினாலும் எடை ஒரு டன்னைத் தாண்டும்! எனவே கல், மண்ணுக்குச் சிறிய தொட்டி போதும். பழைய மெத்தை, அலமாரிக்குத்தான் பெரியது வேண்டும்.

இரவில் தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்தால் அதன்மேலேயே நீர் தேங்கும். கனமான மூட்டைகளை நீங்கள் தூக்காதீர்கள்; குத்தகையாளரிடம் விட்டுவிடுங்கள். பழைய கூரைத் தகட்டில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உடைக்காமல், தொட்டியில் போடுமுன் நிறுவனத்திடம் கேளுங்கள்.