கால் வலிக்குக் காரணம் காற்றா, கல்லாப்பெட்டியா?

ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால், நம் கடைவீதிகளில் சரக்கு விலைக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது முழங்கால் வலிதான். "மேகம் கூடுது, மூட்டு சொல்லுதுங்க" என்று சொல்லாத பெரியவர்கள் மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் குறைவு. காட்டுப்பள்ளிப் பக்கம் கேட்கவே வேண்டாம். ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்புநீரும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம். உப்பு மூட்டை நீர் விடுவதையும் வெல்லம் கசிவதையும் கண்ணால் பார்க்கும் நமக்கு, உடம்பும் அப்படித்தான் என்று தோன்றுவது இயல்பே.

நாம் மருத்துவர் அல்ல, மொத்த வியாபாரி. எனினும் டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை வணிகத் தோழர்கள் முன் வைக்கிறோம். முதலில் ஒன்று. இரண்டு வலிகளை நம்மவர்கள் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். இரவில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி இழுத்துப் பிடிக்கும் குரக்குவலி வேறு. தேய்மானத்தாலோ முடக்குவாதத்தாலோ வரும் மூட்டுவலி வேறு. முன்னது சதையின் விவகாரம், பெரும்பாலும் சில நிமிடங்களில் விட்டுவிடும். பின்னது மூட்டின் விவகாரம், நாள்கணக்கில் நிற்கும்.

மூட்டுவலிக்கும் வானிலைக்கும் தொடர்பு உண்டா என்று வெளிநாடுகளில் பலமுறை ஆராய்ந்திருக்கிறார்கள். 1996ல் ரெடல்மியர், ட்வர்ஸ்கி என்ற இருவர் முடக்குவாத நோயாளிகள் 18 பேரை 15 மாதம் கவனித்து, தொடர்பு ஏதும் இல்லை என்றார்கள். வலித்த நாளில் மழை பெய்தால் அது மனதில் பதிகிறது, வலிக்காத மழைநாள் மறந்துபோகிறது என்பது அவர்கள் கருத்து. 2017ல் அமெரிக்காவில் முதியோர் டாக்டரைப் பார்த்த 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளை மழைக் கணக்கோடு ஒப்பிட்டபோதும் மழைக்கும் மூட்டுவலிக்கும் சம்பந்தம் தெரியவில்லை. ஆனால் 2019ல் வெளியான மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு வேறு சொல்லிற்று. பிரிட்டனில் 2,658 பேர் தினமும் தம் வலியைக் குறித்துவந்ததில், காற்றில் ஈரம் மிகுந்து, காற்றழுத்தம் குறைந்து, காற்று பலமாக வீசும் நாட்களில் வலி கூடும் வாய்ப்பு சற்று அதிகம் என்று தெரிந்தது. மிக மோசமான நாளில்கூட அந்த அதிகம் ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஆகவே நம் பெரியவர்கள் சொல்வதைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம். எல்லாப் பழியையும் மேகத்தின் மேல் போடவும் வேண்டாம். மழைநாளில் நடமாட்டம் குறைந்து ஒரே இடத்தில் முடங்கி உட்கார்வதும் மூட்டை இறுக்கும் என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம்.

குரக்குவலியில் வானத்தைவிடக் கடைக்கே பங்கு அதிகம் என்பது நம் எண்ணம். காலை ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கினால் இரவு பத்து வரை சிமெண்ட் தரையில் நிற்கிறோம். கல்லாவை விட்டு எழுந்து சிறுநீர் கழிக்கப் போக முடியாது என்று தண்ணீரைக் குறைத்து டீயைக் கூட்டுகிறோம். கடையில் வேலை பார்க்கும் பெண்கள் நிலை இன்னும் மோசம். அக்னி நட்சத்திரத்தில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் தொழிலாளிக்கு வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. வெப்பத்தில் உழைத்த சுரங்கத் தொழிலாளருக்கும் கப்பலில் கரி தள்ளியவருக்கும் இதே இழுப்பு வந்ததையும், உப்புக் கலந்த நீர் அதைக் குறைத்ததையும் 1920களிலேயே பிரிட்டனில் கண்டிருக்கிறார்கள். நம் உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் டாக்டரைக் கேட்டு உப்பைச் சேர்க்க வேண்டும்.

வயது, சர்க்கரை நோய், தைராய்டு, நரம்புப் புடைப்பு, இடுப்புத் தண்டுவடத்தில் நரம்பு நெருக்குதல், ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. வாழைப்பழம் தின்றால் சரியாகும் என்பார்கள். பழம் விற்கும் நாம் வேண்டாம் என்று சொல்லமாட்டோம், ஆனால் உறுதியான ஆதாரம் இல்லை. மெக்னீசியம் மாத்திரை முதியோருக்குப் பெரிதாகப் பயன் தருவதில்லை என்றே 2020ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறினர். இழுக்கும்போது முழங்காலை நீட்டி, பாதத்தைத் தம் பக்கமாக மடக்கிப் பிடித்தால் சதை விடும். படுக்குமுன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பதியக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி சிலருக்கு உதவுகிறது. காசு செலவில்லை.

நிற்பதைப் பற்றிச் சட்டமே இருக்கிறது. கேரளம் 2018ல் முன்கை எடுத்தது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021ல் திருத்தி, கடை ஊழியர் அனைவருக்கும் வேலையினூடே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தரவேண்டும் என்று சேர்த்தார்கள். துணிக்கடை, நகைக்கடைகளைப் பற்றித்தான் அப்போது அதிகம் பேசப்பட்டது; மளிகைக் கடைக்கும் அது பொருந்தும். எடை போடும் பையனுக்கு ஒரு ஸ்டூல் போட்டால் வியாபாரம் குறையும் என்று நினைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் வரும்போது அவன் எழுந்துகொள்வான். வராதபோது எதற்காக நிற்க வேண்டும்?

இனிச் சொல்வதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "மழைக்கால வலிதானே" என்று விட்டுவிடும் வலிகளில் சில வானிலையால் வருபவை அல்ல.

மழைக்குப் பின் காய்ச்சலோடு மூட்டெல்லாம் மடங்கிப்போனால் அது சிக்குன்குனியாவாக இருக்கலாம். 1964ல் சென்னையில் பரவி, பிறகு 2006ல் தமிழகம் முழுவதும் பலரை முடக்கியது. காய்ச்சல் சில நாளில் போனாலும் மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்கும். அடுத்த மழையில் அதைத்தான் "வாதம்" என்கிறோம். கடைப் பின்கட்டில் மூடாத டிரம்மும் பழைய டயரும் கிடந்தால் அந்தக் கொசுவுக்கு நாமே வாடகையில்லா வீடு கொடுத்தவர்கள்.

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுமானால், ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கக்கூடும். பீடி, சிகரெட் பிடிப்பவரும் சர்க்கரை உள்ளவரும் கவனிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே டாக்டரிடம் போகவேண்டும். மூச்சும் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இத்தகையவருக்குக் கடையில் தொங்கும் வலி மாத்திரைப் பட்டையைக் கிழித்துக் கொடுப்பது நம் வேலையல்ல. அடிக்கடி விழுங்கினால் அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நம் தொழிலுக்கே உரியது எலிக்காய்ச்சல். அரிசி, பருப்பு உள்ள கிடங்கில் எலி இருக்கும்; எலி மூத்திரத்தில் அந்தக் கிருமி இருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் மாவட்டத்தை மூழ்கடித்தபோது, முழங்கால் நீரில் இறங்கி மூட்டைகளை மேலேற்றிய வணிகர்கள் எத்தனை பேர்! காலில் சிறு வெடிப்பு இருந்தாலும் போதும், கிருமி உள்ளே போகும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கூடவே தொட்டாலே துடிக்கும் கெண்டைக்கால் வலி. நீரில் நின்றதால் வந்த குளிர்வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும். தொடக்கத்திலேயே பார்த்தால் மருந்துக்குக் கட்டுப்படுவது. கிடங்கில் இறங்குமுன் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும், "எலி நடமாடும் கிடங்கில் வெள்ளத்தில் நின்றேன்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.