டியூப் லைட்டில் சோலார் பவர் பேங்க் சார்ஜ் ஆகுமா?

சோலார் கால்குலேட்டர் இரவில் டியூப் லைட் வெளிச்சத்திலும் நன்றாக வேலை செய்கிறது. அப்படியானால் சோலார் பேனல் பதித்த பவர் பேங்க்கை அதே வெளிச்சத்தில் வைத்தால் சார்ஜ் ஆகாதா? புதிதாக வாங்கியவர்கள் பலருக்கும் எழும் சந்தேகம் இது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் வெளிச்சத்தின் அளவு. நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நல்ல வெளிச்சமுள்ள அறையில் கிடைப்பது 300 முதல் 500 லக்ஸ் தான். நம் கண் தன்னைச் சரி செய்து கொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை.

அடுத்தது ஒளியின் வகை. பவர் பேங்க்குகளில் பெரும்பாலும் உள்ள கிரிஸ்டலின் சிலிகான் செல், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களையும் ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரை மின்சாரமாக மாற்றும். வெயிலில் இக்கதிர்கள் நிறைய உண்டு. டியூப் லைட்டிலும் எல்.இ.டி. விளக்கிலும் இவை மிகக் குறைவு. எனவே அறையில் கிடைக்கும் மின்சாரம் வெயிலில் கிடைப்பதில் 500ல் ஒரு பங்கு கூட இருக்காது.

இனி கணக்கு. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கின் கொள்ளளவு சுமார் 37 வாட்-ஹவர். அதன் மீதுள்ள பேனல் 1.5 வாட் தருவதாகக் கொண்டால், முழு வெயிலிலேயே 25 மணி நேரம் தேவை. டியூப் லைட்டில் இரவு பகலாக வைத்தாலும் 500 நாட்களுக்கு மேல் ஆகும்!

பிறகு கால்குலேட்டர் மட்டும் எப்படி இயங்குகிறது? அதற்கு ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு மின்சாரமே போதும். மேலும் அதில் இருப்பது பெரும்பாலும் அறை வெளிச்சத்துக்கு ஏற்ற அமார்ஃபஸ் சிலிகான் செல்.

தனியாக சோலார் பேனல் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. கடையின் விளக்கு வெளிச்சத்தில் மீட்டர் வைத்தால் வோல்ட்டேஜ் ஓரளவு நன்றாகவே காட்டும். ஒளி குறையும்போது வோல்ட்டேஜ் மெதுவாகத்தான் இறங்கும். கரண்ட் தான் அடியோடு விழும். எனவே பேனலை வெயிலில் வைத்து ஆம்பியரைச் சோதித்து வாங்குங்கள்.

பவர் பேங்க்கை வீட்டில் சார்ஜரிலேயே சார்ஜ் செய்திடவும். மின்சாரம் இல்லாத அவசர நேரத்திற்கு மட்டும் சோலார் போதும். அப்போதும் அது அதிகம் சூடாகாமல் பார்த்துக் கொள்ளுங்கள். சூடு ஏறினால் உள்ளே உள்ள லித்தியம் பேட்டரியின் ஆயுள் குறைந்துவிடும்.