பாக்கெட்டில் இருந்த கையுறை

அந்தக் கையுறையில் ஒரு கீறல்கூட விழவில்லை. இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறேன். போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பல்லடம் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுச் சந்துக்குத் திரும்புகிற இடத்தில் நான் விழுந்தபோது, அது ஜோடியாக மடித்து என் ஜாக்கெட்டின் இடது பாக்கெட்டில் இருந்தது. ஹெல்மெட் தலையில் இருந்தது. ஜாக்கெட் உடம்பில் இருந்தது. காலில் ஷூ இருந்தது. கையில் மட்டும் ஒன்றும் இல்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 46. எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூறு நூற்றைம்பது மடிப்புத் துணியை டேபிளில் அடுக்கி, நின்றவாக்கில் ஓடுகிற கத்தி மெஷினால் வெட்டுவோம். மெஷினைத் தள்ளுவது ஒரு கை, துணியை அமுக்கிப் பிடிப்பது இன்னொரு கை. அமுக்கிப் பிடிக்கிற கைக்கு, ஸ்டீல் வளையங்களைக் கோத்துச் செய்த கையுறை ஒன்று உண்டு. வெளிநாட்டு பையர்களின் ஆடிட் நடக்கிற அன்று எல்லாப் பையன்கள் கையிலும் அது மின்னும். மறுநாள் டேபிளுக்கு அடியில் கிடக்கும். "ஏண்டா, இன்னைக்கு ஆடிட் இல்லைன்னு கத்திக்குத் தெரியுமா?" என்று வருடக் கணக்கில் கத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் கையுறையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு விழுந்தேன் என்றால், செக்‌ஷனில் என்ன சிரிப்பு சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை சம்பள நாள். எல்லாருக்கும் கணக்கு முடித்துக் கிளம்பும்போது எட்டரை. வழியில் பங்கில் நிறுத்தி 300 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டேன். ஜிபேயில் பணம் கட்டப் போனைத் திறக்க விரல் ரேகை வேண்டும், அதனால் வலது கையுறையைக் கழற்றினேன். ரகசிய எண்ணை அடிக்கும்போது இடது கையுறையோடு போனைப் பிடித்தால் வழுக்கியது, அதையும் கழற்றினேன். "முந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று பங்கிலிருந்த ஜிபே பெட்டி கத்தியது. பின்னால் ஒருத்தன் ஹாரனை விடாமல் அடித்தான். இரண்டையும் பாக்கெட்டில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தேன். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த நினைப்புக்குத்தான் நான்கு மாதம் அழுதேன்.

சந்து முனையில் யாரோ வீடு கட்டுகிறார்கள். எம்-சாண்ட் இறக்கிய லாரி, திருப்பத்தில் ஒரு சிந்து சிந்திவிட்டுப் போயிருந்தது. தெரு விளக்கு வெளிச்சத்தில் தாரும் எம்-சாண்டும் ஒரே சாம்பல் நிறம். முப்பதுக்கு மேல் போயிருக்க மாட்டேன். வண்டியைச் சாய்த்தேன், முன் சக்கரம் சறுக்கியது, அவ்வளவுதான். 2019லிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம், என் வண்டியிலும் இருக்கிறது. அது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும். பிரேக்கே பிடிக்காமல், சாய்ந்த வண்டி மணலில் பக்கவாட்டில் நழுவினால் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஏபிஎஸ் இருக்கிறது என்று மார்தட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

விழுகிற அரை நொடியில் கையை ஊன்றலாமா வேண்டாமா என்று யாரும் யோசிப்பதில்லை. கை தானாக முன்னால் போகும். வெறும் உள்ளங்கை தாரைத் தொட்டதும் சறுக்காது, பற்றிக்கொள்ளும். கை அங்கேயே நிற்க, உடம்பு முன்னால் போக, நடுவில் மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும். நல்ல ரைடிங் கையுறையில் உள்ளங்கையின் அடிமேட்டில் வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். கடையில் பார்த்தபோது அழகுக்கு என்றுதான் நினைத்தேன். கை ரோட்டைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கிப் போவதற்கு வைத்தது அது. இது எனக்குத் தெரியவந்தபோது கை மாவுக்கட்டில் இருந்தது.

என் மச்சான்தான் ஓடி வந்து தூக்கினார். அதற்கு நன்றி. ஆனால் அவர் கூட்டிப்போனது அவருக்குத் தெரிந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு. உள்ளங்கையில் புதைந்திருந்த மணலை பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவினார்கள். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத மாட்டேன். எக்ஸ்ரே பார்த்த டியூட்டி டாக்டர், "எலும்புக்கு ஒண்ணுமில்ல, சுளுக்குதான்" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்தும் என்னால் கத்திரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை.

இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டைவிரலை மேல்நோக்கி விறைத்துப் பிடித்தால், அதன் அடியில் இரண்டு தசைநாண் கயிறுகளுக்கு நடுவே ஒரு குழி தெரியும். எங்கள் தாத்தா மூக்குப்பொடியை அங்கே கொட்டித்தான் உறிஞ்சுவார். டாக்டர்களும் அந்த இடத்துக்கு மூக்குப்பொடி டப்பா என்றுதான் இங்கிலீஷில் பெயர் வைத்திருக்கிறார்களாம். கையை ஊன்றி விழுந்தபிறகு அந்தக் குழியில் அழுத்தி வலித்தால், சுளுக்கு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உள்ளே ஸ்கேஃபாய்டு என்று முந்திரிப் பருப்பு மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதில் விழும் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். பத்துப் பதினாலு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் கட்டுப் போட்டு வைக்க வேண்டும். அந்த எலும்புக்கு ரத்தம் நுனிப் பக்கமாக நுழைந்து பின்னோக்கிப் போகிறதாம், அதனால் நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் சரியாக எட்டாமல் போகலாம், சேரவும் நாளாகும். இரண்டாவதாகப் பார்த்த எலும்பு டாக்டர் இதைப் படம் போட்டு விளக்கினார். முதலில் பார்த்தவர் அந்தக் குழியில் விரல்கூட வைக்கவில்லை. கட்டைவிரலையும் சேர்த்து மாவுக்கட்டு, பத்து வாரம். அதற்குப்பிறகும் பிடிமானம் வர ஆறு வாரம். அதுவரை இந்தக் கட்டிங் மாஸ்டர் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து நூல் பிசிறு பார்த்துக்கொண்டிருந்தார்.

பணக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி இன்சூரன்ஸில் 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். உயிர் போனால், கை கால் கண் போனால், நிரந்தரமாக முடங்கினால்தான் அது வரும். ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு ரூபாய் வராது. கம்பெனியில் இஎஸ்ஐ உண்டு, ஆனால் சம்பளம் 21,000க்கு மேல் போனதால் நான் அதிலும் இல்லை. அதற்குள் இருக்கிறவர்கள் கவனியுங்கள்: வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்ளப்படும், 2010ல் சட்டத்தில் சேர்த்தார்கள். தமிழ்நாடு அரசின் நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைக்கு. அரசு ஆஸ்பத்திரிக்கோ பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். மச்சானுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை.

மச்சானைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஜாக்கெட் வாங்கிய நாளிலிருந்து அவருக்கு நான் ஒரு கேலிப்பொருள். "ஏனுங் மாமா, சாயப்பட்டறை பாய்லருக்குள்ள எறங்கப் போறீங்ளா?" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஜாக்கெட்டா என்று என் வீட்டுக்காரியிடமும் ஓதி வைத்திருந்தார். விழுந்த மறுநாள் அந்த ஜாக்கெட்டை எடுத்து அவர் முன்னால் டேபிளில் விரித்தேன். இடது கையாலேதான். வலது முழங்கைப் பக்கம் மேல்துணி நாலு அங்குலத்துக்குத் தேய்ந்து நூல் நூலாக நின்றது. உள்ளே இருந்த ஆர்மர் தட்டில் ஒரு பள்ளம். அதற்கும் உள்ளே என் முழங்கையில் ஒரு சிவப்புகூட இல்லை. அதே ரோடு, அதே விழுகை. ஜாக்கெட்டின் கைமுனை முடிந்து, தோல் ஆரம்பித்த இடத்திலிருந்துதான் காயமும் ஆரம்பித்திருந்தது. கத்தரித்து வைத்த மாதிரி நேர்கோடு. மச்சான் பார்த்தார், காபி கேட்டார்.

துணிக்காரன் என்கிற முறையில் சில விஷயம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நாம் போடுகிற டி-ஷர்ட் 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. அதை ரோட்டில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், துணியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நைலான் லெக்கிங்ஸ் இன்னும் மோசம், உராய்வுச் சூட்டில் இளகித் தோலில் ஒட்டும். ஜீன்ஸ் போட்டிருக்கிறேன் என்பவர்களுக்கு: இப்போது வருகிற ஜீன்ஸில் பாதி லைக்ரா கலந்த மெல்லிசு. ரைடிங் ஜாக்கெட் வாங்கும்போது எல்லாரும் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள். தடவ வேண்டியது தையலை. துணி கிழிவதற்கு முன்னால் தையல்தான் விடும். தோள், முழங்கை, பக்கவாட்டு மூட்டு இங்கெல்லாம் இரண்டு வரி தையலாவது வேண்டும், அதில் ஒன்று உள்ளே மறைந்திருக்க வேண்டும். வெளியே தெரிகிற தையல் ரோட்டில் முதலில் தேயும், மறைந்திருப்பதுதான் அதற்குப்பிறகும் துணியைப் பிடித்து நிற்கும். கடையில் உள்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஆர்மரை வெளியே உருவி, அதில் 1621 என்ற தர எண்ணும் லெவல் 1 அல்லது 2 என்றும் அச்சடித்திருக்கிறதா பாருங்கள். 2 என்றால் அடியின் வேகத்தை இன்னும் கூடுதலாக உள்ளுக்குள் விடாமல் தடுக்கும். ஒன்றுமே அச்சடிக்காமல் மெத்துமெத்தென்று இருந்தால் அது வெறும் ஸ்பான்ஜ், நாங்கள் ஷோல்டர் பேடுக்கு வைக்கிற சரக்கு.

கையுறையில் தேட வேண்டிய தர எண் 13594. விரல் முட்டிப் பாதுகாப்பும் சோதித்திருந்தால் கேபி என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள். மணிக்கட்டில் பட்டை இருக்க வேண்டும். மாட்டி இறுக்கியபிறகு இன்னொருவரை விரல் நுனியைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள், கழன்று வந்தால் விழும்போதும் கழன்று வரும். விரல் வெட்டிய கையுறையை ஸ்டைலுக்குப் போடுகிற தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஹெல்மெட் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஐஎஸ்ஐ முத்திரை, தாடைப் பட்டை, ஒரு முறை அடிபட்டால் மாற்றுவது, இதெல்லாம் 1,000 ரூபாய் அபராதம் கட்டியாவது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அப்படியானால் எந்நேரமும் தலை முதல் கால் வரை எல்லாம் போட வேண்டுமா என்று கேட்பீர்கள். யூடியூபில் லட்ச ரூபாய்க்கு மாட்டிக்கொண்டு பேசுகிறவர்கள் ஆமாம் என்பார்கள். அவர்கள் யாரும் ஏப்ரல் மாதத்து மத்தியானம் புஷ்பா ரவுண்டானாவில் நின்றதில்லை. மெஷ் ஜாக்கெட்டில் காற்று ஓடும் என்பது வண்டி ஓடும்வரைதான். நின்றால் ஸ்டீம் அயர்னிங் டேபிள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி ஏறும்போதும், உடுமலை வழியாக மறையூர் போகும்போதும் நான் ரைடிங் பேன்ட், பூட்ஸ் எல்லாம் போடுகிறேன். கம்பெனிக்கு நான்கு கிலோமீட்டர் போக ரைடிங் பேன்ட் போடுவதில்லை, போடவும் மாட்டேன். அன்றைக்கு முட்டியும் உரிந்ததுதான். பத்து நாளில் ஆறிவிட்டது. முட்டியை வைத்து நான் பிழைப்பு நடத்தவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கையால் செய்யாத தொழில் எது இருக்கிறது? அதனால் ஹெல்மெட்டுக்கு அடுத்து கையுறை, அதற்கு அடுத்து மூடிய ஷூ, அப்புறம் ஜாக்கெட். காசு குறைவாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள். என் கையுறை விலை 2,600. கைக்கு ஆன செலவை வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை.

ஆனால் வாங்குவதைவிட முக்கியம், நடுவில் கழற்றுகிற இடங்களை ஒழிப்பது. பங்க், டீக்கடை, போன் வந்தால் ஓரம் கட்டுகிற இடம். கழற்றிய இடத்தில் மறுபடி போட்டுக்கொள்ளச் சோம்பல் வரும், அது எனக்கு மட்டும் வருவதாக நான் நினைக்கவில்லை. தொடுதிரைக்கென்று விரல் நுனியில் ஏதோ தடவிய கையுறை என்று விற்றார்கள். ஒரு தடவைகூட ரகசிய எண்ணைச் சரியாக அடிக்க முடிந்ததில்லை. அதனால் சனிக்கிழமை காலையிலேயே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்து ஜாக்கெட்டின் மேல் பாக்கெட்டில் செருகிவிடுகிறேன். கையுறையோடே எடுத்து நீட்டிவிடலாம்.

போன வாரம் அதே பங்கில் அதே பையன். "முந்நூறுக்குப் போடு தம்பி" என்றேன்.

"சில்லறை இல்லீங்ணா. ஜிபே பண்ணிருங்."

"இல்லப்பா."

"போன் கையிலதானுங்ளே இருக்குது?"

"அப்ப ஐந்நூறுக்கும் போட்டுரு."

டேங்க் வாய் வரைக்கும் நிரம்பி 460லேயே நின்றுவிட்டது. மீதி 40 அடுத்த சனிக்கிழமை கணக்கில் இருக்கிறது.