மலைக்குத் திரும்பிவர வேண்டிய அறிவு

பதுளை நகரிலிருந்து பசறை வீதியில் சென்றால் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தைக் காணலாம். 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தையும் ஒரு பட்டப்படிப்பாகக் கற்பித்து வருகின்றது. அதே வீதியில் மேலும் சென்றால் தேயிலை மலைகளும் அவற்றினூடே லயங்களும் தென்படுகின்றன. இவ்வாறு அருகருகே இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே அறிவு எவ்வாறு போய் வருகின்றது? இக்கேள்வியோடு நெருங்கிய தொடர்புடையவைதான் மக்களோடு இணைந்து செய்யும் ஆய்வுகளுக்கும் சமூகப் பயன் கருதிய செயற்றிட்டங்களுக்கும் வழங்கப்படும் பல்கலைக்கழக மானியங்கள். நாளை பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் நம் மாணவியர் இவற்றைப் பற்றி இன்றே அறிந்துகொள்வது பயன் தரும்.

மானியம் என்பது யாது?

மானியம் என்னும் சொல் தமிழில் பழமையானது. ஊருக்குச் சேவை செய்தவர்களுக்கு வரியின்றி விடப்பட்ட நிலத்தை அச்சொல் குறித்தது. நிலத்தைப் பெற்றவர் ஊருக்குத் தம் கடமையைச் செய்தாக வேண்டும். இஸ்லாமிய உலகில் கல்விக்கூடங்களைத் தாங்கி நின்ற வக்பு முறையிலும் இத்தகைய பொறுப்பு உண்டு. மொரோக்கோவின் பெஸ் நகரிலுள்ள கரவிய்யீன் கல்விக்கூடத்தை கி.பி. 859இல் பாத்திமா அல் பிஹ்ரி என்னும் பெண்மணி தமக்குக் கிடைத்த செல்வத்தைக் கொண்டு தொடக்கி வைத்தார் என்பது மரபுவழிச் செய்தி.

இன்று ஆய்வு மானியம் என்பது, குறித்த நோக்கத்துக்காக, குறித்த காலத்துக்கு, கணக்குக் காட்டும் பொறுப்போடு வழங்கப்படும் பணமாகும். அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. நமது நாட்டில் 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அரசாங்க நிதியைப் பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. ஆய்வு மானியங்களையோ பெரும்பாலும் போட்டியிட்டே பெறவேண்டும். தேசிய விஞ்ஞான மன்றம் அவ்வாறு மானியம் வழங்கும் நிறுவனங்களுள் ஒன்று. 2017ஆம் ஆண்டு உலக வங்கியின் 10 கோடி அமெரிக்க டொலர் கடனுதவியோடு தொடங்கிய ‘அஹெட்’ என்னும் உயர்கல்வித் திட்டத்தில், அபிவிருத்தி நோக்கிய ஆய்வுகளுக்கெனத் தனி மானியப் பிரிவு ஒன்று இருந்தது. கடனாக வந்த பணம் என்பதால் அதை இறுதியில் செலுத்துபவர்கள் இந்நாட்டு மக்களே. கொழுந்து பறிக்கும் தாயும் அவர்களுள் ஒருவர்.

ஆய்வினால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்கும் வழக்கம் உலகெங்கும் வலுத்து வருகின்றது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத்தரத்தை மதிப்பிடும்போது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஏற்பட்ட தாக்கத்துக்கு 2014இல் 20 சதவீதமும் 2021இல் 25 சதவீதமும் ஒதுக்கப்பட்டன.

மக்களைப் பற்றிய ஆய்வும் மக்களோடு செய்யும் ஆய்வும்

ஒரு மாணவி வினாக்கொத்தோடு தோட்டத்துக்குச் செல்கிறாள். வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறாள். அறிக்கை சமர்ப்பித்துப் பட்டமும் பெறுகிறாள். விடை சொன்னவர்கள் அந்த அறிக்கையைக் காண்பதேயில்லை. இது மக்களைப் பற்றிய ஆய்வு. இதிலும் உண்மை இருக்கலாம், உழைப்பும் இருக்கலாம். ஆனால் கேள்வியைத் தெரிவு செய்ததிலும் முடிவைப் பயன்படுத்தியதிலும் அம்மக்களுக்குப் பங்கில்லை.

மக்களோடு செய்யும் ஆய்வில் கேள்வியே அவர்களிடமிருந்து பிறக்கின்றது; அல்லது அவர்களோடு பேசித் திருத்தப்படுகின்றது. 1970களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் ‘விஞ்ஞானக் கடைகள்’ தோன்றின. வசதியற்ற குழுக்கள் அங்கே தமது பிரச்சினையைக் கொண்டுவந்தால், மாணவர்களும் ஆசிரியர்களும் அதனை ஆராய்ந்து விடை தேடிக் கொடுத்தனர். தமிழ்நாட்டில் திண்டுக்கல்லுக்கு அருகே 1956இல் தோன்றிய காந்திகிராம கிராமிய நிறுவனம், கிராமத்துப் பணியைக் கல்வியின் ஒரு பகுதியாகவே அமைத்துக் கொண்டது.

மீரியபெத்தை தரும் பாடம்

நமது மாவட்டத்தில் இத்தகைய ஆய்வின் தேவையை உணர்த்த மீரியபெத்தை ஒன்றே போதும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. புதையுண்ட பலரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்த மலையைப் பற்றி அறிவு இல்லாமல் இருக்கவில்லை என்பதே இங்கு நம் கவனத்துக்குரியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆய்வு நடந்தது, அதன் முடிவும் சரியாகவே இருந்தது. எனினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர்.

ஏன் என்று கேட்போமாயின், லயத்து வாழ்க்கையின் நிலை விளங்கும். லய அறை அதில் வாழ்பவருக்குச் சொந்தமன்று. வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வீடு கட்ட வேறு காணி இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிடுவதில் சட்டத்தடை இருந்தது. ‘இங்கிருந்து போங்கள்’ என்று சொல்வது எளிது, ‘எங்கே போவது?’ என்ற கேள்விக்கு விடை வேண்டும் அல்லவா? உயிர் தப்பியவர்களுக்கெனக் கட்டப்பட்ட புதிய வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவால் பெரும் இழப்புக்குள்ளானது. ஆகவே இது பழங்கதையன்று.

மண்ணை ஆராய்வது ஒரு பாதி. அந்த மண்மீது வாழ்பவர்கள் ஏன் நகர முடியவில்லை என்பதை அவர்களிடமே கேட்டு ஆராய்வது மறுபாதி. சமூகத்தோடு இணைந்த ஆய்வு இவ்விரு பாதிகளையும் ஒன்றுசேர்க்க முயல்கின்றது.

வெளியீடு, விளைவு, தாக்கம்

மானிய விண்ணப்பங்களில் இம்மூன்று சொற்களும் இடம்பெறும். பலர் இவற்றை ஒன்றாகக் கருதி மயங்குவர். ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையின் அளவு ஓர் அடிப்படை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்போடிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்தாலும் வெளியேறவே வேண்டும். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் பொதுவான அளவுகோல். மழையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. அடியும் வாயும் ஒரே அகலமான பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையளவு.

ஒரு பல்கலைக்கழகக் குழு மானியம் பெற்று ஐந்து தோட்டங்களில் மழைமானி பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து மழைமானிகள், ஓர் அறிக்கை, ஒரு பயிற்சி வகுப்பு ஆகியன வெளியீடுகள். லயத்தில் உள்ளவர்கள் நாள்தோறும் அளந்து குறித்து, அளவு கூடியதும் அயலாருக்குச் சொல்லப் பழகுவது விளைவு. அடைமழை பெய்யும் ஓர் இரவில் அந்த லயம் நேரத்தோடு வெளியேறி, விடியும்போது எல்லோரும் உயிரோடிருப்பது தாக்கம். வெளியீட்டை எண்ணுவது எளிது என்பதால் பல திட்டங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

முன்மொழிவு எழுதும்போது

நல்ல முன்மொழிவு ஆறு கேள்விகளுக்குத் தெளிவாக விடை தரவேண்டும்.

முதலாவது, இது யாருடைய கேள்வி? மழைமானி வேண்டுமென்று நாம் எண்ணலாம். லயத்துப் பெண்களோ, ‘இரவில் பிள்ளைகளையும் முதியவர்களையும் எந்த வழியால் கொண்டுபோவது?’ என்று கேட்கலாம். அப்படியாயின் ஆய்வு அவ்வழியிலிருந்தே தொடங்கட்டும்.

இரண்டாவது, ஏற்கெனவே அறியப்பட்டது என்ன? முன்னைய அறிக்கைகளோடு முதியோரின் நினைவுகளையும் சேர்க்க வேண்டும். எந்த ஊற்று திடீரெனக் கலங்கியது, எந்த மரம் சாய்ந்தது, எந்தச் சுவர் வெடித்தது என்பதை அவர்களே முதலில் காண்கிறார்கள்.

மூன்றாவது, யார் எதைச் செய்வர்? தோட்ட மக்களின் பங்கு ‘தகவல் வழங்குவோர்’ என்பதோடு முடிந்துவிடக் கூடாது.

நான்காவது, பாதீடு யாருக்குச் செல்கின்றது? 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு தாய் கூட்டத்துக்கு வந்து அரைப்பேரை இழந்தால் அந்த இழப்பை ஈடுசெய்வது யார்? வாகனத்துக்கும் மண்டபத்துக்கும் தொகை எழுதும் நாம், அவரது நேரத்துக்கும் ஒரு வரி எழுதியாக வேண்டும்.

ஐந்தாவது, முடிவு எவ்வாறு திரும்பிச் செல்லும்? ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை சஞ்சிகையில் வெளிவரலாம். தோட்டத்துக்கோ தமிழில், எளிய சொற்களில், பிரட்டுக்களத்திலோ பிள்ளைக்காம்பராவிலோ வைத்துச் சொல்லப்பட வேண்டும். அதற்கான நாளையும் செலவையும் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும்.

ஆறாவது, பணம் முடிந்த பின் என்ன? இரண்டு ஆண்டு மானியம் முடிந்ததும் மழைமானியில் தூசி படிந்தால், நாம் மக்களுக்குத் தந்தது இன்னொரு ஏமாற்றம் மட்டுமே.

அறிவு ஓர் அமானிதம்

ஆய்வுக்குச் செல்பவர் மக்களின் இசைவைப் பெறவேண்டும் என்பது பல்கலைக்கழக ஒழுக்கவியல் குழுக்களின் விதி. தோட்டத்தில் இவ்விதியை மேலும் நுணுக்கமாகக் கையாள வேண்டியுள்ளது. துரையின் அனுமதியோ தலைவரின் சம்மதமோ தொழிலாளியின் இசைவு ஆகாது. ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத இடத்தில் சொல்லப்படும் ‘சரி’க்குப் பொருளில்லை. பெயரை மறைத்து எழுதினாலும் போதாது. சிறிய டிவிசனில் ‘மூன்று பிள்ளைகளின் விதவைத் தாய்’ என்று எழுதினாலே அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நமது மார்க்கம் இதற்கு அழகானதொரு சொல்லைத் தந்திருக்கின்றது: அமானிதம். ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளைக் குறையாமல் உரியவரிடம் சேர்ப்பது கடமை. ஒருவர் தம் வறுமையையும் அச்சத்தையும் நம்மிடம் சொல்லும்போது அதுவும் அமானிதமே. மானியப் பணத்துக்கு வழங்கியவரிடம் கணக்குக் காட்டுகிறோம். சொன்ன வார்த்தைக்குச் சொன்னவரிடம் கணக்குக் காட்ட வேண்டாமா?

நாம் செய்யக்கூடியது

பதுளை, பண்டாரவளை, வெலிமடை நகரங்களில் வாழும் நமக்கும் தோட்டத்து மக்களுக்கும் பேசும் மொழி ஒன்றே. லயத்துத் தாயிடம் மொழிபெயர்ப்பாளரின்றிப் பேச நம்மால் முடியும். ஆணிடம் சொல்லத் தயங்குவதைப் பெண்ணாகிய நம்மிடம் அவர் சொல்லக்கூடும். இது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. அதனாலேயே பொறுப்பும் ஆகும்.

பல்கலைக்கழகம் செல்லும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நமது பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி வைக்கலாம். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஒரு கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதலாம். அருகிலுள்ள தோட்டப் பாடசாலை மாணவியரோடு அவ்வளவுகளை ஒப்பிடலாம். ஓராண்டு முடிவில் கிடைத்ததைத் தமிழில் ஒரு தாளில் எழுதி இரு பாடசாலைச் சுவர்களிலும் ஒட்டலாம். இதற்கு எவரது மானியமும் தேவையில்லை. பின்னாளில் பெரிய மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, இப்பழக்கமே நம் கையில் இருக்கும் முதல் தகுதி.

பயனளிக்கும் கல்வியைத் தருமாறு இறைவனிடம் வேண்டுவது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த துஆக்களுள் ஒன்று. தினமும் அதனை ஓதும் நாம், நாளை எழுதப்போகும் ஆய்வின் கடைசிப் பக்கத்தை முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு ஒருமுறை மலையேறுவோம். நமக்கு விடை சொன்னவர்களின் வாசலில் அமர்ந்து அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம். அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்திய பின்னரே ஆய்வு நிறைவுற்றது எனக் கொள்வோம்.