பள்ளிக் கதவு திறந்தால் நோய் பரவுமா?

2020 மார்ச் மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமியர். தமிழகத்தில் எங்கள் வகுப்புக்கு மீண்டும் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் நாள். அன்று எங்களுக்கோ ஒரே துள்ளல். வீட்டில் பாட்டிமார்களுக்கோ அச்சம். “கண்ணு, பள்ளிக்கூடத்திலிருந்து நோயைக் கொண்டு வந்துவிடாதேம்மா!” என்றார்கள். அவர்கள் அஞ்சியது சரிதானா? நமக்கு முன்பே இதைக் கண்டறிந்த மூன்று நாடுகளைப் பார்ப்போம்.

டென்மார்க் நாடு 2020 ஏப்ரல் 15-இல் சிறு வகுப்புகளைத் திறந்தது. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தனர். மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டனர். அடிக்கடி கை கழுவச் செய்தனர். திறந்தவெளியிலும் பாடம் நடத்தினர். அங்கே நோய் ஏற்கெனவே தணிந்து வந்தது. பள்ளி திறந்த பின்னும் அது தொடர்ந்து தணிந்தது.

இஸ்ரேலில் நடந்தது வேறு. 2020 மே 17-இல் பள்ளிகள் முழுமையாகத் திறக்கப்பட்டன. சில நாட்களிலேயே கடும் வெயில் அடித்தது. முகக்கவசத்துக்கு விலக்கு அளித்தனர், குளிர்சாதனத்தை ஓடவிட்டனர். வகுப்பறைகளிலோ முப்பதுக்கும் மேற்பட்டோர். எருசலேமில் ஒரே பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் நோய் கண்டது. ஜூன் மாத நடுவிற்குள், அவர்களோடு பழகிய உறவினர், நண்பர் எனப் பள்ளிக்கு வெளியே மேலும் 87 பேரைத் தொற்றியது. ஆகவே பாட்டிமார்களின் அச்சம் வெறும் கற்பனை அன்று.

சுவீடனில் 2020 வசந்த காலத்தில் மேல்நிலை மாணவர்கள் வீட்டிலிருந்தே படித்தனர்; அதற்குக் கீழ்ப்பட்ட வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன. இரு சாராரையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டனர். பள்ளி சென்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு நோய் சிறிதளவே மிகுதியாகக் கண்டது. வகுப்பில் நின்று கற்பித்த ஆசிரியர்களுக்கோ, வீட்டிலிருந்து கற்பித்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு!

இவற்றால் நாம் அறிவது என்ன? பள்ளி தனித் தீவு அன்று. ஊரில் நோய் தணிந்திருந்து, வகுப்பில் காற்றோட்டமும் இடைவெளியும் இருந்தால் பரவல் குறைவு. இவை இல்லாவிட்டால் பள்ளியே நோய்க்கு வழியாகிவிடும். மேலே கண்டவை தடுப்பூசி வருமுன் நடந்தவை. 2021-இல் பரவிய டெல்டா வகை இன்னும் வேகமானது. ஆகவே, “திறக்கலாமா, கூடாதா?” என்று மட்டும் கேட்பது போதாது. “எப்போது, எப்படித் திறப்பது?” என்றும் கேட்க வேண்டும். சந்தையிலும் திருமண மண்டபத்திலும் பெரியவர்கள் கட்டுப்பாடாக இருந்தால்தான் பிள்ளைகளின் பள்ளிக் கதவு திறந்திருக்கும்.

தோழியரே, இன்னும் ஒன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்நோய் இலேசாகவே வந்து போனது; வயதில் மூத்தவர்களுக்குத்தான் ஆபத்து மிகுதி. பள்ளி திறந்த அன்று, நாங்கள் எங்களையும் பாட்டியையும் பற்றி மட்டுமே எண்ணினோம். முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்க, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கப் பாடம் நடத்திய எங்கள் ஆசிரியைகளை எண்ணவில்லை. எங்களைவிடப் பெரிய இடரை ஏற்று நின்றவர்கள் அவர்களே. அன்று சொல்லத் தவறிய நன்றியை இன்று சொல்கிறோம்.

– மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு