ஷெட்லண்டுக் கம்பளி உள்ளாடையும் ரொக்கக் கூலியும்

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லண்டுத் தீவுகளில், விக்டோரியா மகாராணியார் காலத்தில், ஸ்திரீகள் மெல்லிய கம்பளி நூலால் சால்வைகளும் உள்ளாடைகளும் பின்னி விற்றுவந்தனர். இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னி, குறைந்ததற்கு ஈடாக ஊசியில் நூலை ஒருமுறை சுற்றினால் சிறு துவாரம் உண்டாகும்; கண்ணிகளின் தொகை மாறாது. துவாரங்களை வரிசைப்படுத்தப் பூவேலை அமையும். மேலாடையின் கீழ் அவற்றில் காற்று அசைவற்றுத் தங்குவதால் குளிர் தாக்காது.

வேலை நேர்த்தியாயினும் கூலி ரொக்கமாகக் கிடைப்பது அரிது. வியாபாரிகள் தேயிலையும் துணியுமே கொடுத்தனர். அத்தேயிலையை மாவுக்கு மாற்றிக்கொண்டோரும் உண்டு. 1872-ல் வெளியான அரசாங்க விசாரணை அறிக்கை இதனை வெளிப்படுத்தியது. 1887-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் அவ்வழக்கம் உடனே ஒழியவில்லை. தனியொருத்தி ரொக்கம் கேட்டால் மறுத்தல் எளிது. பலர் கூடிக் கேட்டால் அரிது. ஆதலின், பின்னல் கற்போர் கூடி விற்கவும் கற்பாராக.