கோபக்காரரிடம் யார் உண்மை சொல்வார்?

ஃபாரஸ்ட் ஹில்ஸ், குவீன்ஸ்

சிரஞ்சீவி மேரி ஜேனுக்கு அன்னா அத்தை ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கு யாவரும் க்ஷேமம். அடுத்த வீட்டு மேயின் மூட்டுவலி சற்றுத் தேவலை. அவள் கணவர் பென் வழக்கம்போல் வாசற்படியில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார். இறந்துபோன பீட்டரின் அறைக் கதவை மட்டும் இருவரும் இன்னும் திறக்கவில்லை. உன் க்ஷேமத்தைப் பற்றி நீ தனியாக எழுத வேண்டிய அவசியமில்லை. நேற்றிரவு தொலைபேசியில் நீ போட்ட கூச்சலிலிருந்தே உன் தொண்டை நல்ல நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

கச்சேரியின் நடுவில் டிரம்ஸை விட்டு க்வென் எழுந்து போய்விட்டதையும், பெட்டியும் குளோரியும் விழித்துக்கொண்டு நின்றதையும், ‘ஃபேஸ் இட் டைகர்’ பாட்டைத் தாளமே இல்லாமல் முடித்ததையும், மறுநாள் டெய்லி பியூகிளில் அந்த முகமூடிக்காரி ஸ்பைடர் வுமனுக்கு முதல் பக்கம் கிடைத்து, உங்கள் கச்சேரிக்கு ஒரு வரிகூட இல்லாமல் போனதையும், இனி க்வென் ஸ்டேஸி உன் மேடையில் கால் வைக்கக் கூடாது என்று நீ சபதம் செய்ததையும் முழுக்கக் கேட்டுக்கொண்டேன். அப்போது நான் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் உன் காதில் ஏறியிராது. காகிதமென்றால் நடுவில் புகுந்து பேச உனக்கு வழியில்லை பார், அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேண்ட் உன்னுடையது, அதற்கு வைத்திருப்பதும் உன் பெயர். அவளை வைத்துக்கொள்வதோ விலக்குவதோ உன் இஷ்டம். அதில் தலையிட எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் கடைசியாக நீ ஒரு வாக்கியம் சொன்னாய். அதைக் கேட்டது முதல் எனக்கு இராத்திரி உறக்கம் பிடிக்கவில்லை. “என்கிட்ட யாருமே உண்மையைச் சொல்றதில்லை” என்றாய். கண்ணே, அது உன் வாக்கியம் அன்று. உன் அப்பாவின் வாக்கியம்.

என் தம்பியைப் பற்றிக் குறை சொல்ல வேண்டாமென்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவள்தான் நான். இருந்தாலும் இந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லாவிட்டால் வேறு எப்போது சொல்வது? ஒரு மகத்தான நாவல் தன் தலைக்குள் பூரணமாக இருக்கிறது என்றும், அதைக் காகிதத்தில் இறக்க விடாமல் தடுப்பது வீட்டிலுள்ள மனைவி மக்களின் சந்தடிதான் என்றும் அவன் மனப்பூர்வமாக நம்பினான். அந்த நம்பிக்கை வளர வளர, அவன் தட்டெழுத்து இயந்திரத்தின் சத்தம் நின்றால் அடுத்து என்ன சத்தம் வருமோ என்று உன் அம்மாவும் உன் அக்கா கேலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலைக்கு அந்தக் குடும்பம் வந்துவிட்டது. மின்சாரக் கட்டணச் சீட்டை உன் அம்மா மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைப்பாள். கேல் பள்ளிக்கூட மதிப்பெண் தாளை என்னிடம் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போவாள். நீயோ ஏதாவது வேடிக்கை பேசிச் சிரிக்கவைத்தே அவன் எதிரில் தப்பித்துக்கொள்வாய். இப்படி ஒரு வீடே சேர்ந்து அவனுக்குப் பயந்து பொய் சொல்லிக்கொண்டிருக்க, அவன் என்னிடம் வந்து, ‘அக்கா, என் வீட்டில் யாருமே எனக்கு உண்மையைச் சொல்வதில்லை’ என்று கண்ணீர் விட்டான்! அவன் சொன்னது சத்தியம். அதற்குக் காரணம் யார் என்பது மட்டும் கடைசி வரை அவன் புத்திக்கு எட்டவில்லை.

உண்மை என்பது கேட்பவர் முகத்தைப் பார்த்துத்தான் வெளியே வரும். கோபக்காரர்களை ஊரார் வெறுப்பதைவிட, அவர்களிடமிருந்து விஷயத்தை மறைப்பதே அதிகம். மறைக்க மறைக்க அவர்களுக்குச் சம்சயம். சம்சயத்தால் மேலும் கோபம். கோபத்தால் மேலும் மறைவு. இந்தச் சுழலில் சிக்கி ஒரு குடும்பம் பாழானதை நான் கண்ணாரக் கண்டுவிட்டேன். ஒரு பேண்ட் பாழாவதையும் காண எனக்கு ஆசையில்லை.

உடனே நீ ரமோன்ஸ் பேண்டை இழுப்பாய். கோபமில்லாமல் ராக் இசை ஏது, இதே ஃபாரஸ்ட் ஹில்ஸிலிருந்து கிளம்பிய அந்த நால்வரும் சண்டை போட்டுக்கொண்டே உலகத்தை ஒரு கை பார்க்கவில்லையா என்று போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே வாதாடினாய். 1974 முதல் 1996 வரை 2263 கச்சேரிகள் செய்தார்கள், முதல் இசைத்தட்டை வெறும் 6400 டாலரில் முடித்தார்கள் என்பதெல்லாம் நம் பேட்டைக்குப் பெருமைதான். ஆனால் ஒரு பெண்ணின் பொருட்டு ஜோயிக்கும் ஜானிக்கும் மூண்ட பகை, ஒரே வேனில் ஊர் ஊராகப் போய், ஒரே மேடையில் நின்று, ஆண்டுக்கணக்கில் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமலே காலந்தள்ளும்படி செய்துவிட்டதையும், 2001-இல் ஜோயி மரணப் படுக்கையில் கிடந்தபோதுகூட ஜானி பேசாமலே இருந்துவிட்டதையும் அந்தப் பெருமையோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அப்பேர்ப்பட்ட ஜானி இருந்த பேண்டிலேயே, குடிப்பழக்கத்துக்காக 1983-இல் விலக்கிய டிரம்மர் மார்க்கியை 1987-இல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். உன் டிரம்மரோ குடிப்பவள்கூட அல்ல. சொல்லாமல் எழுந்து போகிறவள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேள். 1965-இல் டென்மார்க்கில் ‘தி ஹூ’ பேண்டின் பாடகர் ரோஜர் டால்ட்ரி, டிரம்மர் கீத் மூனின் போதை மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டி, அவரை அடித்தும் விட்டார். நியாயம் டால்ட்ரி பக்கம்தான் என்று நீ சொல்வாய், நானும் சொல்வேன். ஆனால் வெளியேற்றப்பட்டவர் டிரம்மர் அல்லர். நியாயம் பேசிய பாடகர்தான். இனிக் கை நீட்டமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே அவரை உள்ளே விட்டார்கள். பெட்டியும் குளோரியும் இன்று மௌனமாக இருக்கிறார்கள் என்பதால் உன் பக்கம் இருக்கிறார்கள் என்று எண்ணிவிடாதே.

இப்போது க்வென். ஒத்திகைக்குப் பிறகு உனக்காக ஒரு மாலை அவள் என் சமையலறையில் காத்திருந்தாள். நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேல் தட்டிலிருந்த என் பீங்கான் தட்டு அவள் முதுகுக்குப் பின்னால் நழுவியது; திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னுக்கு நீட்டி அதைப் பிடித்துவிட்டாள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண்ணின் முகமோ களவு செய்து அகப்பட்டவள் முகம்போல் வெளுத்துவிட்டது. சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, நீ வருவதற்குள் கிளம்பியும் போய்விட்டாள். பீட்டர் இருந்த வீட்டு ஜன்னலை மட்டும் போகும்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

நான் எதையும் முடிவு கட்டவில்லை. கட்டினாலும் அதைக் கடிதத்தில் எழுதுபவள் அல்ல. ஒன்று மட்டும் எனக்குத் தெரிகிறது. அவளிடம் ஒரு சுமை இருக்கிறது. அது காதல் விவகாரமோ சோம்பேறித்தனமோ அன்று. தகப்பனார் போலீஸ் காப்டனாக இருந்தும் அவரிடம்கூட இறக்கி வைக்க முடியாத சுமை. அதை என்றைக்காவது உன்னிடம் சொல்ல வேண்டுமென்று அவளுக்கு ஆசை இருக்கலாம். ஆனால் ஒலிபெருக்கிக்கு முன்னால் நூறு பேர் கேட்க டிரம்ஸ்காரியை ஏசுகிற ஒருத்தியிடம் அவள் எப்படிச் சொல்வாள்? நீயாகவே கண்டுபிடித்துவிடுவாயோ என்பதுதான் என் பெரிய வியாகுலம். நீ கெட்டிக்காரி, கண்டுபிடித்தும் விடுவாய். கண்டுபிடித்த அன்று நீ கோபத்தில் இருந்தால், உன் வாயிலிருந்து தெறிக்கும் ஒரே சொல் அந்தப் பெண்ணின் தலைக்கே உலையாக முடியும். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். நம் வம்சத்தில் புத்திக்குக் குறைவில்லை, ஆத்திரம் வந்தால் அதைக் கூப்பிடத்தான் நேரமிருப்பதில்லை. ஆகையால் அவள் ரகசியத்தைத் தேடுவதற்கு முன்னால் உன் நாக்கை வசப்படுத்து.

செய்ய வேண்டியது ஒன்றும் பிரமாதமில்லை. கச்சேரி முடிந்ததும் பத்து நிமிஷம் வாயைத் திறக்காதே. ‘எங்கே போனாய்?’ என்று கேட்காதே, ‘சாப்பிட்டாயா?’ என்று கேள். டிரம்ஸ் இல்லாமலே பாடக்கூடிய இரண்டு பாட்டுகளைக் குளோரியின் கீபோர்டை வைத்துத் தயார் செய்து வைத்துக்கொள். க்வென் எழுந்து போனால் ரசிகர்களுக்கு அது உங்கள் ஏற்பாடு என்றே தோன்றும். இவ்வளவு செய்தும் அவளை விலக்கத்தான் வேண்டுமென்றால் விலக்கிவிடு. நான் குறுக்கே நிற்கமாட்டேன். உன் அப்பாவும் தனக்கு இடைஞ்சல் என்று தோன்றிய எல்லோரையும் ஒருவர் பின் ஒருவராக விலக்கினான். கடைசியில் நிசப்தம் வேண்டிய அளவு கிடைத்தது, நாவல் வரவில்லை. முடிவு உன்னுடையது.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. கண்ணே, உன்னைப்போல் பாடுகிறவள் குவீன்ஸில் இல்லை, புரூக்ளினில் இல்லை, இந்த நியூயார்க் முழுவதிலுமே இல்லை. உன் பாட்டைக் கடைக்காரப் பையன் முணுமுணுத்தபோது, அது என் மருமகள் பாட்டு என்று சொல்லி அவனிடம் வேண்டாத இரண்டு டஜன் முட்டை வாங்கிவந்தேன். உன் ஆம்ப்ளிஃபயர் கரகரக்கிறது என்றாயே, இத்துடன் ஒரு காசோலை வைத்திருக்கிறேன். ரிப்பேருக்குப் போக மீதியில் நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொள், அந்தக் கிழிந்த கறுப்புச் சட்டை குளிருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பை செய்கிறேன். பெட்டி தன் பூனையைக் கொண்டுவந்தாலும் பரவாயில்லை, நான்கு பேருமாக வாருங்கள். நான்கு தட்டு வைப்பேன், க்வென் பாதியில் எழுந்து போனால் அவள் பங்கை மூடி வைப்பேன்.

என்றும் உன் நன்மையையே நாடும்,
அத்தை அன்னா